பழைய தெருவில் புது வீடு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மல்லேஸ்வரம், பசவனகுடி, அல்சூர், காட்டன்பேட்டை என்று பெங்களூரின் பழைய பகுதிகளிலிருந்து. தாத்தா கட்டிய வீடு, அப்பா வாங்கிய வீடு, அதை என்ன செய்வது என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடியில் இருக்கிறது. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மல்லேஸ்வரம் வாசகி: தாத்தா 1930களில் கட்டிய ஓட்டு வீடு. 40க்கு 60 சைட், வடக்குப் பார்த்த வாசல். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். இடித்துவிட்டுக் கட்டலாம் என்று முடிவு. ஆர்க்கிடெக்ட் கொடுத்த படத்தில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, சாம்பல் நிறப் பெட்டி, கீழே இரண்டு காருக்கு ஸ்டில்ட், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளம். நாத்தனாரோ, “மல்லேஸ்வரத்தில் மங்கி டாப் இல்லாமல் ஒரு வீடா?” என்கிறார். இரண்டில் எது சரி?

இரண்டும் வேண்டாம் என்றால் வீட்டில் யாரும் என்னோடு பேச மாட்டீர்கள், ஆனாலும் அதுதான் என் பதில்.

மங்கி டாப் என்பது ஜன்னலுக்கும் போர்ட்டிகோவுக்கும் மேல் கூம்பாக நிற்கும் மரச் சட்ட வேலைப்பாடு. ஓட்டுக் கூரையோடு சேர்ந்து வெயிலையும் சாரலையும் தடுப்பதற்காக வைத்தார்கள். இன்று மூன்று மாடி கான்கிரீட் சுவரில் தகரத்தையோ ஃபைபரையோ வெட்டி அதே வடிவத்தில் ஒட்டினால் கல்யாண மண்டப முகப்பு மாதிரி இருக்கும், வேறொன்றும் ஆகாது. பழைய தெருவுக்குள் ஒரு வீடு பொருந்துகிறதா இல்லையா என்பதை உச்சியில் என்ன இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை. கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் உள்ள அந்த முதல் பத்தடி தீர்மானிக்கிறது. தெருவில் நடக்கிறவர் அண்ணாந்து உங்கள் மூன்றாவது மாடியைப் பார்ப்பதில்லை. கண் மட்டத்தில் காம்பவுண்டு சுவர், அதற்கு மேல் கொஞ்சம் செடி, உள்ளே யாரோ பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் திண்ணை, இவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

ஸ்டில்ட் போட்டால் அந்தப் பத்தடிதான் முதலில் போகிறது. தரைத்தளம் முழுக்கக் கார் நிற்கும் இருட்டு, அதற்கு முன்னால் ஏழடி இரும்பு ஷீட் கேட். உங்கள் மாமனார் மாமியார் முதல் மாடியில். லிஃப்ட் ஓடாத நாளில் அவர்கள் தெருவைப் பார்ப்பது ஜன்னல் வழியாக மட்டும். 20 அடி அகல சைட்டில் வேறு வழியில்லை என்று ஸ்டில்ட் போடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு 40 அடி இருக்கிறது, அம்மா. பக்கவாட்டில் பத்துப் பதினோரு அடியைக் காருக்கென்று விட்டுவிடுங்கள், இரண்டு காரும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஒரு காருக்குப் பதினெட்டு அடி என்று வைத்துக்கொண்டாலும் 36 அடியில் முடிந்துபோகும். பின்னால் நிற்கும் காரை எடுக்க முன் காரை நகர்த்த வேண்டுமே என்பீர்கள். ஆமாம், நகர்த்தத்தான் வேண்டும். மிச்சம் இருக்கும் அகலத்தில் முன்பக்கம் முழுக்க ஒரு வராந்தா, ஆறடி ஆழமாவது இருக்கட்டும், நாலடி என்றால் செருப்பு விடத்தான் ஆகும், நாற்காலி போட்டு உட்கார முடியாது. தரையிலிருந்து இரண்டடி உயரம், நான்கு படி, பக்கத்தில் சரிவுப் பாதைக்கு இடம்.

காம்பவுண்டு சுவர் நாலடிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் பாதுகாப்புக்கு வேண்டுமானால் கம்பி கிரில். கேட் உள்பக்கம் திறக்கட்டும். காருக்கான சரிவு உங்கள் சைட்டுக்குள்ளேயே முடியட்டும், நடைபாதையை மூடி ரோடு வரைக்கும் சிமென்ட் சரிவை இழுத்துவிட்டு அப்புறம் ஊரில் நடக்க இடமில்லை என்று சொல்வது நம் ஊரின் தனி வழக்கம்.

உயரத்துக்கு வருவோம். மூன்று தளம் தேவை என்றால் மூன்றாவதை முன் சுவரிலிருந்து ஏழெட்டு அடி உள்ளே தள்ளுங்கள். எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி வீடாகத்தான் தெரியும், முன்னால் ஒரு மொட்டை மாடியும் கிடைக்கும். வரைபடம் போடுவதற்கு முன் ஆர்க்கிடெக்டைக் கூட்டிக்கொண்டு உங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், ஒருமுறை நடங்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் வாசற்படி உயரம், ஜன்னல் அடிமட்டம், ஜன்னலுக்கு மேல் வெயில் தடுக்க நீட்டியிருக்கும் முதல் சஜ்ஜா எந்த உயரத்தில் ஓடுகிறது என்று டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று கோடுகளையும் உங்கள் வீடும் ஏறக்குறைய பிடித்துக்கொண்டால் போதும். அதற்குள் எவ்வளவு நவீனமாக வேண்டுமானாலும் கட்டுங்கள், வெறும் செங்கல் சுவராக விடுங்கள், ஜன்னலைப் பெரிதாக வையுங்கள், தெருவுக்கு அது உறுத்தாது.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மல்லேஸ்வரத்தில் கிராஸ்கள் கிழக்கு மேற்காக ஓடுவதால் வீடுகள் வடக்கோ தெற்கோ பார்த்து நிற்கின்றன, அது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் பெங்களூரு 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்குக் கண்ணாடியில் வெயிலே படாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டடி சஜ்ஜா அங்கேயும் வேண்டும். மேற்கில் கண்ணாடி வைக்கவே வேண்டாம்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறதா பாருங்கள். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் 1890களில் திட்டமிட்டு அமைத்த பகுதிகள், 1898 பிளேக் வந்த பிறகு ஜனங்கள் நெருக்கமான பேட்டையை, அதாவது பழைய நகரத்தை, விட்டு இங்கே வந்து குடியேறினார்கள். துப்புரவு வேலைக்கென்று வீட்டு வரிசைகளுக்கு நடுவே அப்போது விட்ட சந்துகள் பல இடங்களில் இன்னும் இருக்கின்றன. உங்கள் பின்சுவர் அதைத் தொட்டால் அந்தப் பக்கத்துக் காற்றையும் வெளிச்சத்தையும் நாளை யாரும் கட்டி மறைக்க முடியாது. சமையலறையையும் துணி காயும் இடத்தையும் அங்கே வைத்தால் முன்பக்கம் சுத்தமாக நிற்கும்.

முழுக்க இடிப்பதைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். முன்பக்கத்து இரண்டு அறையும் ஓட்டுக் கூரையும் திடமாக இருந்தால் அதை அப்படியே விட்டு, நடுவில் ஒரு திறந்தவெளி, அதன் பின்னால் தனி அஸ்திவாரத்தில் புதுக் கட்டடம் எழுப்பலாம். திடமா என்று பார்க்க, கூரைச் சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனையைக் குத்திப் பாருங்கள், கரையானும் ஈரமும் அங்கேதான் முதலில் உட்காரும். சுவர் நடுவில் புடைத்திருந்தால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். இடிப்பது என்று ஆனாலும் கதவு, உத்தரம், கல் தூண், ஓடு யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுக் கை வையுங்கள். இடிக்க வருகிறவர் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்வதே அந்தத் தேக்குக்காகத்தான்.

முன்னால் சம்பிகே, அதாவது சண்பக மரம் இருக்கிறது என்று தனித்தாளில் எழுதியிருந்தீர்கள். அதை வெட்ட 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்குமா என்று கேட்பதற்கு முன், காருக்கான பக்கத்தைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாற்றினால் மரம் தப்புமா என்று ஆர்க்கிடெக்டிடம் கேளுங்கள். நீங்கள் போட்டுக் காட்டியிருக்கும் படத்தைப் பார்த்தால் தப்பும் போலத்தான் இருக்கிறது.

அல்சூர் வாசகர்: சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. 20க்கு 45 சைட், கிழக்கு வாசல், இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள். எனக்கு நடுவில் முற்றம் வைக்க ஆசை. மனைவி, “அந்த இடத்தில் ஒரு ரூம் போட்டால் வாடகையாவது வரும், முற்றமெல்லாம் பழங்காலம்” என்கிறாள். கொசு வேறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரத்துக்குத்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். ஏழடி உயர ஜன்னலுக்குப் பதினைந்து, பதினாறு அடி. உங்கள் வீட்டுக்கு வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டுமே. 45 அடியில் இரண்டு பக்கமும் பதினாறு கழித்தால் நடுவில் பன்னிரண்டு பதிமூன்று அடி, காலை பத்து மணிக்கும் லைட் போட வேண்டிய இடம். மனைவி சொல்லும் அந்த வாடகை ரூம் அங்கேதான் வரும். ஜன்னல் இல்லாத ரூமுக்கு யார் வந்து எவ்வளவு கொடுப்பார்கள் என்று அவரையே கேளுங்கள்.

முற்றம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எட்டடிக்குப் பத்தடி, அதாவது தளத்துக்கு 80 சதுர அடி, போதும். எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். நடு மத்தியில் வைக்காதீர்கள், வடக்குப் பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள், அறைகள் அதற்குத் தெற்கே வரட்டும். காரணம் சூரியன். ஏப்ரல் கடைசியில் நண்பகல் வெயில் நேராகத் தரையில் விழும், ஆனால் டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் எட்டடி அகல முற்றத்தில் வெயில் வடக்குச் சுவரின் மேலிருந்து சுமார் பதினோரு அடிக்குத்தான் இறங்கும். இரண்டு மாடி உயரம் என்றால் கீழே இருக்கிறவருக்குக் குளிர்காலத்தில் வெயிலே இல்லை. அதனால் முற்றத்துக்குத் தெற்கே உள்ள பகுதியை மட்டும் ஒரு மாடி குறைத்து மொட்டை மாடியாக விட்டுவிட்டால் மார்கழியிலும் வெயில் அந்தச் சுவரின் அடி வரை வரும். சுவருக்கு வெள்ளை அடித்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே கூடத்துக்குப் போதுமானது.

கொசுவுக்கு, மேலே பாதுகாப்பு கிரில் போடுவீர்கள் அல்லவா, அதன் மேல் கழற்றி மாட்டும்படி வலைச் சட்டம். அதைவிட முக்கியம், முற்றத்தின் தரை வீட்டுத் தரையைவிட மூன்று நாலு அங்குலம் தாழ்ந்து ஒரு மூலைக்கு வாட்டம் இருக்க வேண்டும், அந்த மூலையில் நாலங்குலக் குழாய். தண்ணீர் நின்றால்தான் கொசு. மே மாதத்து இடிமழை சாய்வாக அடிக்கும் என்பதால் சுற்றிலும் இரண்டடி இறவாணம் வேண்டும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முதல் மழையில் பயந்துபோய் மேலே பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு மூடிவிடுவது. சூடு ஏறிய காற்று போக வழியில்லாமல் வீடே வெந்துவிடும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் கண்ணாடியைச் சுவருக்கு மேல் ஒன்றரை அடி தூக்கி வைத்துப் பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

முற்றம் பழங்காலம் என்பதற்கு ஒரே பதில்: பிரபல ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியா பெங்களூரில், கோரமங்களாவில், 1980களின் கடைசியில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு முற்றத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. மனைவியிடம் சொல்லிப் பாருங்கள்.

காட்டன்பேட்டை வாசகர்: பக்கத்து வீடு ரொம்பப் பழசு, மண் சாந்தில் கட்டியது. எங்கள் சுவரும் அவர்கள் சுவரும் ஒட்டித்தான் இருக்கின்றன. நாங்கள் அஸ்திவாரம் தோண்டும்போது ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர்கள் பயப்படுகிறார்கள். கான்ட்ராக்டர், ‘ஜேசிபி வைத்து இரண்டு நாளில் முடித்துவிடலாம், கீழே ஒரு செல்லார் கூடப் போடலாம்’ என்கிறார்.

அவர்கள் பயப்படுவது நியாயம், நீங்களும் பயப்பட வேண்டும். அந்தக் காலத்துக் கருங்கல் அஸ்திவாரம் பல இடங்களில் இரண்டு மூன்றடி ஆழத்துக்கு மேல் போயிருக்காது. நீங்கள் ஐந்தாறு அடி தோண்டினால் அவர்கள் சுவருக்குக் கீழே இருக்கும் மண், பக்கத்தில் பிடிப்பில்லாமல் சரியும். செல்லார் என்றால் பத்தடிக்கு மேல். அதை மறந்துவிடுங்கள், இந்த சைட்டுக்கு அது வேண்டாம்.

வேலை இப்படி நடக்கட்டும். முதலில் பக்கத்து வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு அவர் வீட்டுச் சுவர்களில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுங்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. பெரிய விரிசல் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள், சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுக்கும், மறுநாள் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரி வேலையை ஆரம்பிக்க வேண்டும். ஜேசிபி அந்தச் சுவரிலிருந்து நாலடி தள்ளியே நிற்கட்டும், மிச்சம் கடப்பாரை மண்வெட்டிதான். அதிலும் சுவர் நெடுகத் தோண்டக் கூடாது. நாலு நாலடித் துண்டாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு அது இறுகின பிறகு நடுவில் விட்ட துண்டுகளைத் தோண்ட வேண்டும். பத்து நாள் கூட ஆகும், ஆகட்டும். எல்லையை ஒட்டி பில்லர் வராமல் உள்ளே தள்ளி, பீமை வெளியே நீட்டிச் சுவரைத் தாங்க முடியுமா என்று ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரிடம் கேளுங்கள். கான்ட்ராக்டரிடம் அல்ல.

உங்கள் உத்தரத்தை அவர்கள் சுவரில் ஏற்றவே கூடாது, உங்களுக்கென்று தனிச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ இடைவெளி வரும், அதன் தலையை அலுமினியத் தகடு வைத்து மூடிவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, அப்புறம் இரண்டு வீட்டுக் கூடத்திலும் பூச்சு உப்பி உதிரும், சண்டை வரும்.

ஸ்ரீராமபுரம் வாசகி: வாஸ்துப்படி சமையலறை தென்கிழக்கில்தான் வர வேண்டும் என்று மாமியார். எனக்கோ தெருப் பக்கம் ஜன்னல் வைத்த சமையலறை வேண்டும், வடக்கில்.

மாமியார் சொல்வதில் லாபம் உண்டு. தென்கிழக்குச் சமையலறைக்குக் காலை வெயில் வரும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூரில் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் தாளிப்பு வாசனையும் வெளியே போய்விடும். அடுப்பு அங்கேயே இருக்கட்டும். காய் நறுக்க, காபி குடிக்க, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத, தெருப் பக்கம் ஜன்னலோடு ஒரு மேடை போட்டுக்கொள்ளுங்கள். அது சமையலறை இல்லை என்று மாமியாரிடம் சொல்லிவிடலாம்.

பசவனகுடி வாசகர்: அண்ணன் தம்பி இருவர், அம்மா அப்பா. 30க்கு 45. ஒரே வீடாகக் கட்டுவதா, தனித்தனி போர்ஷனாகக் கட்டுவதா? இப்போது ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்.

‘இப்போது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே வீடாகக் கட்டுங்கள், ஆனால் மாடிப்படியைக் கூடத்துக்கு நடுவில் வைக்காதீர்கள். வாசலைத் தாண்டியதும் ஒரு சின்ன ரேழி, அங்கிருந்து ஒரு கதவு கூடத்துக்கு, ஒரு கதவு படிக்கட்டுக்கு. இன்றைக்கு இரண்டு கதவும் திறந்தே கிடக்கும். பின்னால் பிள்ளைகள் வெளிநாடு போய் மாடியை வாடகைக்கு விட்டாலும், அல்லது, சரி, வேறு எதுவானாலும், ஒரு கதவைச் சாத்தினால் போதும், எதையும் இடிக்க வேண்டாம். மாடியில் ஒரு மூலையில் சமையல் மேடைக்கான தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் சுவருக்குள் விட்டு மூடி வையுங்கள். பெஸ்காம் மின்சார மீட்டருக்கும் இரண்டு இடம் விடுங்கள்.

அப்பா அம்மா அறை தரைத்தளத்தில், முன்பக்கம். பின்னால் அமைதியாக இருக்கும் என்று சொல்லி வயதானவர்களைப் பின் அறைக்குத் தள்ளுவது எனக்குப் பிடிக்காத விஷயம். கட்டிலில் உட்கார்ந்தபடி காய்கறி வண்டிக்காரனைக் கூப்பிடும் தூரத்தில் அவர்கள் ஜன்னல் இருக்கட்டும், அதன் அடிமட்டம் இரண்டடிக்கு மேல் போனால் உட்கார்ந்தவருக்குத் தெரு தெரியாது. குளியலறைக் கதவு மூன்றடி அகலம், படி இல்லாமல், வெளிப்பக்கம் திறக்கும்படி. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் உள்பக்கம் திறக்கும் கதவு திறக்காது. மாடிப்படி ஆறரை அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம். லிஃப்டுக்கு இப்போது பணமில்லை என்றாலும் ஐந்துக்கு ஐந்தடி இடத்தை ஒவ்வொரு தளத்திலும் நேருக்கு நேர் விட்டு, அதுவரை அலமாரியாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அப்பா அறைக்கு மேலே வாஷிங் மெஷின் வேண்டாம்.

ஃப்ரேசர் டவுன் வாசகி: பாட்டி வீட்டில் இருந்த மாதிரி சிவப்பு ரெட்-ஆக்சைடு தரை வேண்டும். செய்தால் வெடிக்கும், டைல்ஸே போடுங்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

வெடிக்கும், ஆள் சரியில்லாவிட்டால். அது பொருளைவிடக் கையைப் பொறுத்த வேலை. கீழே போட்ட சிமென்ட் கலவை முழுக்க இறுகுவதற்கு முன், விரலை வைத்தால் லேசாகப் பதியும் பதத்தில், ஆக்சைடு கலந்த மெல்லிய அடுக்கை மேலே பரப்ப வேண்டும். அப்புறம் கரணையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே போவார்கள், தண்ணீர் மேலே வந்து, வற்றி, மறுபடி தேய்த்து, தரை மினுக்கம் கொடுக்கும் வரை. நடுவில் சாப்பிடப் போகக் கூடாது. ஒரு அறைக்குத் தேவையான சிமென்டையும் ஆக்சைடையும் உலர்ந்தபடியே ஒரே தடவையில் கலந்து சலித்து வைக்காவிட்டால் பாதித் தரை ஒரு சிவப்பு, பாதித் தரை இன்னொரு சிவப்பு. மறுநாளிலிருந்து ஒரு வாரம் தண்ணீர் தேங்க வேண்டும், அப்புறம் தேங்காய் எண்ணெயோ மெழுகோ. பெரிய கூடத்தை ஒரே பரப்பாகப் போடாமல் நாலடிக் கட்டங்களாகக் கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்தால் விரிசல் அந்தக் கோட்டிலேயே அடங்கும். முடி போன்ற விரிசல் அதற்கும் மேல் வந்தால் அது அந்தத் தரையின் குணம், சகித்துக்கொள்ள முடியாது என்றால் டைல்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. முதலில் மேஸ்திரி முன்பு போட்ட தரை ஒன்றைப் போய்ப் பாருங்கள், ஐந்து வருடமாவது ஆன தரையாக இருக்கட்டும். குளியலறையில் வேண்டாம், வழுக்கும்.

ராஜாஜிநகர் வாசகர்: 30க்கு 40 சைட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்கிறார்கள். உண்மையில் பிரயோஜனம் உண்டா, சும்மா சர்டிபிகேட்டுக்கா?

கட்டாயம்தான். 2009இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 30க்கு 40 அல்லது அதற்கு மேல் உள்ள சைட்டில் புது வீடு கட்டினால் வைத்தே ஆக வேண்டும். பிரயோஜனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெங்களூரில் வருடத்துக்குச் சராசரியாக 950 முதல் 1,000 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மொட்டை மாடி 70 சதுர மீட்டர் என்றால் வருடத்துக்கு 65,000 லிட்டருக்கு மேல், சிந்தினது சிதறினது போக 50,000 லிட்டருக்குக் குறையாது. முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு, ஃபில்டர், அப்புறம் சம்ப். குடிக்கும் காவிரித் தண்ணீர் சம்ப்போடு கலக்காமல் தனி சம்ப் கட்டினால் நல்லது, இடமில்லை என்றால் கார் நிற்கும் இடத்துக்குக் கீழே வையுங்கள். நிரம்பி வழிவது மழைநீர்க் குழிக்குப் போகட்டும், பாதாளச் சாக்கடைக்கு அல்ல.

பசவனகுடி, இன்னொரு வாசகர்: எல்லாம் தயார். எப்போது ஆரம்பிக்கலாம்?

எல்லாம் தயார் என்றால் இ-கத்தா, அதாவது மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு, கையில் இருக்கிறதா? பத்திரத்தில் உள்ள அளவும் இடத்தின் அளவும் ஒத்துப்போகிறதா? பழைய பகுதிகளில் அரை அடி, ஓரடி வித்தியாசம் சாதாரணம், அதை அக்கம்பக்கத்தாரை வைத்துக்கொண்டு அளந்துவிட்டுத்தான் பிளான் அனுமதிக்குப் போக வேண்டும். 2025இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்திருப்பதால் உங்கள் வார்டு எதில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். அதனால் நவம்பர் நடுவில், மார்கழி பிறக்கும் முன், பூஜை போட்டுவிடுங்கள். ஜனவரிக்குள் அஸ்திவாரமும் பேஸ்மென்டும், மார்ச்சுக்குள் முதல் தளம். கோடையில் தண்ணீர்தான் பிரச்சினை. 2024 மார்ச்சில் குடிநீரைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் விடும் வேலையைப் பிப்ரவரி, மார்ச்சோடு முடிக்கப் பாருங்கள், இல்லையென்றால் சுத்திகரித்த தண்ணீர் லாரிக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அப்புறம், நீங்கள் புல் டெம்பிள் ரோட்டுக்குப் பக்கம் என்பதால் இதையும் சொல்லணும்: கன்னடக் கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கள்கிழமை கடலைக்காய் பரிஷே என்ற நிலக்கடலைத் திருவிழா வரும், அந்தச் சமயத்தில் உங்கள் தெருவுக்குள் லாரி நுழையாது. ஜல்லியையும் எம்-சாண்டையும் முந்தின வாரமே இறக்கிவிடுங்கள்.